தலைகீழாக அடித்த வில்லோ

பிப்ரவரி 24

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். கடைசியாகத் தொலைபேசியில் கேட்டபோது உங்கள் நுரையீரல் நல்ல நிலையில் இருந்தது.

இனி நம் இருவருக்குள் எதுவானாலும் கடிதத்தில்தான் பேச வேண்டும் என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "தபால்தலை தேடுறதுக்குள்ள பாதிக் கோபம் போயிடும்மா" என்றான் என் மகன். உங்கள் மகள் ஒரு கட்டுத் தாளும் உறைகளும் வாங்கி வந்து என் கையில் வைத்தாள். விதைப் பொட்டலங்களைத் தபாலில் அனுப்பியே பிழைப்பு நடத்துகிறவளின் மேஜையில் தபால்தலைக்கு எப்போதும் பஞ்சமில்லை என்பது இருவருக்கும் தோன்றவில்லை. கோபம் முழுதாகவே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வீட்டுப் பின்புறத்தை நாம் பிரித்துக்கொண்டது நினைவிருக்கும். பின்வாசல் படியிலிருந்து ஓடைக்கரை வரை சரிவு முழுக்க என் காட்டுப்பூக்கள். பக்கத்து வக்கீல் வீட்டு நாய் அதில் புரளாமலிருக்கக் கரையோரம் உங்கள் வேலி. நேற்று போய்ப் பார்த்தேன். வேலி நிற்கிறது. நேராக நிற்கிறது என்று எழுதினால் அது பொய். பட்டைகூட உரிக்காத பச்சைக் கழிகள். கிரிக்கெட் மட்டை செய்கிறவர் சொந்த மகளுக்கு வேலி போட்டால் கொஞ்சம் இழைத்துப் போடுவார் என்று எதிர்பார்த்தது என் பேராசை.

எனக்குக் கவலை ஓடையைப் பற்றித்தான். போன மழைக்கு முன்பு துணி காயப்போடும் கம்பம் நின்ற இடம் இப்போது தண்ணீருக்குச் சொந்தம். மிச்சமிருக்கும் மண் இன்னொரு பெரிய மழையைத் தாங்குமா என்று கேட்டால் கொத்தனார் உதட்டைப் பிதுக்குகிறார். மண் போனால் படி போகும், படி போனால் சமையலறை. பக்கத்து வீட்டு வக்கீல் தன் பக்கத்துக் கரையில் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதில் தன் பெயரையும் பட்டங்களையும் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். நம் பிள்ளைகள் இருந்ததையெல்லாம் வீட்டிலேயே போட்டுவிட்டார்கள். ஆகவே கரையைக் காக்கும் பொறுப்பு என் பூக்களுடையது. அவற்றின் வேர் மண்ணைப் பிடிக்கும். என் விதை இதுவரை என்னைத் தலைகுனிய வைத்ததில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

மார்ச் 6

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். கடிதம் படித்தேன். இரண்டு நாள் விட்டு மறுபடி படித்தேன். அப்போதும் அதே மாதிரிதான் இருந்தது.

அது விறகுக்கடைக் கழி அல்ல, வில்லோ; மட்டை செய்கிற அதே மரம். மேலாற்றங்கரையில் நானே ஏறி, நானே வெட்டி, நானே கூர் சீவி, கொட்டாப்புளியால் நானே அடித்து இறக்கியது. "நானும் வரேன் முதலாளி" என்றார் பட்டறை மேஸ்திரி. "என் மக வீட்டு வேலிக்கு எனக்கு ஆள் வேணுமாய்யா?" என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் சட்டை போட என் கை தோளுக்கு மேல் எழவில்லை. இதை உங்களிடம் சொல்லும் உத்தேசம் இல்லை. எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும்.

வில்லோவைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆற்றங்கரைகளில் தானாக நிற்கிற மரங்களில், இவ்வளவு லேசாக இருந்துகொண்டு இவ்வளவு அடி வாங்குவது வேறு கிடையாது. விரலால் தட்டினால் போதும், எந்தப் பந்துக்கு எப்படிப் பதில் சொல்லும் என்று சொல்லிவிடுவேன். என் முத்திரை விழுந்த மட்டைக்கு ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கைப்பிடிப் பிரம்பு முதல் விளிம்பு வளைவு வரை நானே செய்தால்தான் முத்திரை. மேஸ்திரி இழைத்த மட்டை சில சமயம் என்னுடையதை விட நன்றாக அமைந்துவிடும். அதிலும் முத்திரை விழாது. செய்யாததற்குப் பெயர் வாங்குகிற வழக்கம் எங்கள் பட்டறையில் இல்லை.

உங்கள் பூ விஷயம். பாப்பி, கெமோமில் எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். 'யாரோ' என்று ஒன்றைச் சரிவு முழுக்க விதைத்திருப்பதாக மகள் சொன்னாள். யார் எவர் என்று தெரியாதவர்களையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் குடிவைத்தால் ஓடை பயந்து விலகிவிடும் என்பது உங்கள் கணக்காக இருக்கலாம். பூ மண்ணைப் பிடிக்கட்டும். நாயைப் பிடிக்க வேலி போட்டாயிற்று.

நிச்சயத்தன்று நீங்கள் கொடுத்த சிக்கரி விதை பட்டறை வாசலில் இலை விட்டிருக்கிறது. கீரை மாதிரி இருக்கிறது. பொறுத்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமனார்

ஏப்ரல் 18

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வேலி துளிர்த்திருக்கிறது.

கை தவறி எழுதியதல்ல. கழிக்குக் கழி, பட்டையைப் பிளந்துகொண்டு வெள்ளி பூசிய மாதிரி இலைகள். நிலத்தை வளைத்துப் போட நினைப்பவர்கள் முதலில் வேலி போடுவார்கள் என்று தெரியும். வேலியையே வளரவிட்டு வளைத்துப் போடுவதை இப்போதுதான் பார்க்கிறேன். பூ என்னுடையது, வேலி உங்களுடையது என்பதுதான் ஒப்பந்தம். தோப்பு என்று ஒரு வார்த்தை எங்கேயும் வரவில்லை.

பாப்பிக்கு முழு வெயில் வேண்டும். இதைப் பொட்டலத்தின் முதுகிலேயே அச்சிட்டிருக்கிறேன். வில்லோவோ வளர்ந்தால் நிழல் கட்டும். தண்ணீரை மொடாக் குடியனைப் போல இழுக்கும். அதன் பட்டையில் தலைவலிக்கு மருந்து இருக்கிறதென்று புத்தகங்கள் சொல்கின்றன. என் விஷயத்தில் தலைவலி முந்திக்கொண்டது.

உங்கள் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்பா மரமா நட்டிருக்காரு?" என்று கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை.

ஒரு சந்தேகம். நடுவில் இரண்டு கழிகள் தலைகீழாக அடிக்கப்பட்டிருக்கின்றன. மெலிந்த நுனி மண்ணுக்குள். தடித்த அடி வானத்தைப் பார்த்துக்கொண்டு. அவையும் துளிர்த்திருக்கின்றன. இதற்குக் காரணம் ஏதாவது இருந்தால் அறிய ஆவல்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

ஏப்ரல் 28

சம்பந்தியம்மாவுக்கு,

எல்லாம் திட்டப்படிதான் நடக்கிறது.

அது உயிர்வேலி. செத்த வேலி மூன்று மழையில் உளுத்துவிடும். உயிர்வேலி நாளுக்கு நாள் திடமாகும். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொன்னால் தடுப்பீர்கள் என்று சொல்லவில்லை. தலைகீழாக அடித்த இரண்டும் ஒரு சோதனை. வெற்றி என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

ஒரே ஒரு விவரம் வேண்டும். துளிர் எல்லாக் கழியிலுமா, சிலவற்றில்தானா? ஆட்டிப் பார்த்தால் ஆடுகிறதா? தெரியாமல் கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

இங்கே பட்டறையில் அடுக்கி வைத்திருக்கும் வில்லோத் துண்டுகளை ஒரு சுற்று வந்து பார்த்தேன். எதிலும் இலை இல்லை. வழக்கமாகப் பார்வையிடுவதுதான்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமனார்

ஜூன் 21

சம்பந்தியம்மாவுக்கு,

நான் கேட்ட விவரத்துக்குப் பதில் இல்லை. பரவாயில்லை. இது வேறு விஷயம்.

உங்கள் சிக்கரிப் பொட்டலத்தில் 'வானத்தை வாசலில் விரிக்கும் நீலம்' என்று போட்டிருக்கிறது. என் வாசலில் விரிந்திருப்பது விளக்குமாறு. இடுப்பளவுக்குக் குச்சி குச்சியாக நிற்கிறது, பூ என்று ஒன்றுகூட இல்லை. எனக்கு வீடு மாடியில், பட்டறை கீழே. பின்படி வழியாக இறங்கி வேலையில் உட்கார்ந்தால் மாலை டீக்குத்தான் முன்வாசலுக்கு வருவேன். நாள் தவறாமல் டம்ளரோடு நின்று பார்க்கிறேன். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை.

"பூக்குது முதலாளி, காலைல நான் பார்த்தேன்" என்கிறார் மேஸ்திரி. அவர் நல்ல மனிதர். பெண்கள் பக்கம் பேசுவார்.

மரத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துவதற்கு முன், விற்ற விதையைக் கவனிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமனார்

ஜூலை 2

சம்பந்தி அவர்களுக்கு,

சிக்கரி விடியலில் மலரும். வெயில் உச்சிக்கு ஏறும்போது சுருங்கிவிடும். காலையில் வேலைக்கு வந்து மதியத்தோடு கடையைச் சாத்துகிற பூ. அதன் வேரை வறுத்துக் காப்பித்தூளில் கலக்கிறார்கள். ஊரையே எழுப்பிவிடுகிற அந்தச் செடியை அது தூங்கும் நேரம் பார்த்துச் சந்தித்துவிட்டு, என் விதை மேல் பழி போடுகிறீர்கள். மேஸ்திரிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மட்டை வெடிக்காமலிருக்க ஆளிவிதை எண்ணெய் பூசுவீர்கள் இல்லையா? ஆளியும் ஒரு நீலப்பூதான். நான் விற்கிற பூவின் விதையைப் பிழிந்துதான் உங்கள் முத்திரை பளபளக்கிறது. யாரோ என்று நீங்கள் கிண்டல் செய்த செடியின் இலையைக் கசக்கி வைத்தால் வெட்டுக்காயத்தில் ரத்தம் நிற்கும் என்பார்கள். உளி பிடிக்கிறவர்கள் அதை மதிப்பது நல்லது.

இனி வேலி. கழிகள் உங்கள் மகளின் தலைக்கு மேல் போய்விட்டன. கீழ்வரிசைப் பாப்பி முழுவதும் நிழலில் நோஞ்சானாக நிற்கிறது. கரை நிற்க வேண்டுமானால் என் பூ நிற்க வேண்டும். இந்த மாதத்துக்குள் நீங்கள் பிடுங்காவிட்டால் நான் ஆள் வைத்துப் பிடுங்குவேன். "அம்மா, பாவம்மா அவரு" என்கிறான் என் மகன். மாமனாருக்குப் பரிந்து பேசுகிற பிள்ளையை வளர்த்ததில் எனக்குப் பெருமைதான். கழிகள் போகத்தான் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

ஜூலை 14

சம்பந்தியம்மாவுக்கு,

நட்டவன் இருக்கும்போது பிடுங்க ஆள் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை நானே வந்தேன். நான் வருவது தெரிந்த அன்றைக்கென்று உங்களுக்குக் கடையில் வேலை இருந்திருக்கிறது.

ஓரத்துக் கழியிலிருந்து தொடங்கினேன். அடித்தபோது ஒரு கையால் பிடித்து அடித்த கழி. இப்போது இரண்டு கையாலும் அசையவில்லை. மாப்பிள்ளை கடப்பாரை கொண்டுவந்தார். இருவரும் சுற்றித் தோண்டி, ஒரு வழியாக வெளியே வந்தபோது பாதிக் கரை கூடவே வந்தது. கழி முழுக்கச் சிவப்பு நூல் மாதிரி வேர், ஒவ்வொரு நூலும் ஒரு பிடி மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் டீ கொண்டுவந்தாள். "என்னப்பா, இதுக்கு முன்னாடி வில்லோ வேரைப் பார்த்ததே இல்லியா?" என்றாள். "கண்ணுல வெயில் படுது" என்றேன். மேகமாகத்தான் இருந்தது.

மற்றவற்றை மழை முடிந்து மண் இளகியதும் எடுப்பேன். அவகாசம் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

பிடுங்கியது பட்டறையில் தண்ணீர் வாளியில் நிற்கிறது. குப்பையில் போட நேரம் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமனார்

செப்டம்பர் 10

சம்பந்தி அவர்களுக்கு,

பிள்ளைகள் நலம். வீடும் நலம். உங்கள் மகள் தொலைபேசியில் சொல்லியிருப்பாள். நடந்ததைப் பார்த்தவள் என்ற முறையில் நானும் எழுத வேண்டும்.

முதலில் ஒன்று. நீங்கள் மழைக்கு அப்புறம் என்றீர்கள். நான் அதற்குக் காத்திருப்பதாக இல்லை. கழிகளைப் பிடுங்கத் திங்கட்கிழமைக்கு ஆள் சொல்லியிருந்தேன். மழை சனிக்கிழமை வந்துவிட்டது.

காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை மதியம் மரக்கிளைகளையும் யாருடைய கோழிக்கூண்டையோ சுமந்துகொண்டு வந்தது. நானும் உங்கள் மகளும் பின்வாசலில் நின்றோம். என் மகன் சமையலறைச் சாமான்களை முன்னறைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். முதலில் வக்கீலின் சுவர் போயிற்று. உடையவில்லை. பெயரோடும் பட்டங்களோடும் அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்தது. மேல்முறையீட்டுக்கு வழியில்லாத தீர்ப்பு. சுவர் போன இடத்தில் தண்ணீர் புகுந்து அவருடைய மோட்டார் அறையை எடுத்துக்கொண்டது.

அடுத்தது நாம் என்று தெரிந்தது. தண்ணீர் கரையேறி என் சரிவுக்குள் வந்தது. பாப்பியும் கெமோமிலும் கண்ணெதிரே சேற்றுக்குள் போயின. ஒரு வருஷ வேலை, சம்பந்தி. ஆனால் உங்கள் கழிகள் குனிந்தன. நாணல் மாதிரி தண்ணீருக்குள் படுத்து, அது வடிய வடிய எழுந்து நின்றன. மண் அவற்றோடு நின்றது. படி நிற்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரையைக் கடித்துத் தின்ற மாதிரி பள்ளம். நீங்களும் என் மகனும் பிடுங்கிய கழி இருந்த இடம்.

"அத்தை, திங்கக்கிழமை ஆளுங்களை என்ன சொல்றது?" என்று கேட்டாள் உங்கள் மகள். "பள்ளத்தை அளந்துட்டுப் போகச் சொல்லு" என்றேன்.

என் பூ கரையைக் காக்கும் என்று எழுதியிருந்தேன். காக்கவில்லை. உங்கள் முன்யோசனைதான் காத்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. முன்னமே திட்டமிட்டு உயிர்வேலி நட்டவர் என் சம்பந்தி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். வக்கீலும் தன் கரைக்கு உங்களிடம் யோசனை கேட்க வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

செப்டம்பர் 18

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டலாம் என்று எடுத்துப் போனேன். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு திருத்தம் செய்ய வேண்டும். தெருவில் சொன்னதையும் திருத்திவிடுங்கள். அவை துளிர்க்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வரும் வில்லோ அறுத்து, காய்ந்து, வெளுத்துப்போய் வரும். அந்த மரம் செத்த பிறகுதான் எனக்குப் பழக்கம். உயிர்வேலி, திட்டம், சோதனை எல்லாம் உங்கள் ஏப்ரல் கடிதம் வந்த பிறகு முளைத்தவை. அடி எது நுனி எது என்று பார்க்காமல் அடித்தேன், அவ்வளவுதான்.

இதை அடக்கத்தால் எழுதவில்லை. அடக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. நான் செய்யாத மட்டையில் என் முத்திரை விழாது என்று எழுதினேன் இல்லையா? கரைக்கும் அதே சட்டம்தான். மரம் தானாகச் செய்த வேலைக்கு நான் பெயர் வாங்கிக்கொண்டால், நாளைக்கு மேஸ்திரியின் மட்டையில் முத்திரை குத்த எனக்குக் கை கூசாது. வக்கீலிடம் ஓடைக்கரை மரத்தைப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அது யோசனைக்குக் கட்டணம் கேட்காது. அவருக்கு அதுவே புது அனுபவமாக இருக்கும்.

கழிகளை வெட்டி அடித்தது மட்டும் நான்தான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

அப்புறம், ஒரு நாள் காலையில் முன்வாசல் வழியாகப் பட்டறைக்குப் போனேன். சிக்கரி பூத்திருந்தது. டீ ஆறிப்போகும் வரை நின்றிருந்தேன். பொட்டலத்தில் போட்டது சரிதான். இப்போது பின்படியை அதிகம் பயன்படுத்துவதில்லை, முழங்காலுக்கு நல்லதில்லை.

உங்கள் பூ போனதற்கு வருத்தப்படுகிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

செப்டம்பர் 23

சம்பந்தி அவர்களுக்கு,

எனக்கு ஏப்ரல் மாதமே தெரியும்.

என் கடிதம் கிடைத்த அன்றே மகளைத் தொலைபேசியில் அழைத்து, "ஏம்மா, வில்லோ குச்சியைச் சும்மா சொருகினாலே வளருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் அடக்க முடியாமல் என்னிடம் வந்து சொன்னாள். அன்று மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் என் மகன் பயந்துபோனான். ஜூன் மாதத்தில் நீங்கள் விளக்குமாறு என்று எழுதியபோது இதை எடுத்து வீசியிருக்க முடியும். கையில் வைத்துக்கொண்டே சும்மா இருந்தேன். அது என்னுடைய பெருமை. போன கடிதத்தில் தெரிந்தேதான் முன்யோசனை என்று எழுதினேன். வாழ்நாளில் ஒருமுறை தாராளமாக இருந்தேன். அதையும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை என்பதை இத்துடன் பதிவு செய்கிறேன்.

பூவுக்காக வருத்தப்பட வேண்டாம். பாப்பியை மறுபடி விதைப்பேன். சேறு காய்ந்த இடத்தில் அந்த 'யாரோ' செடி மட்டும் தலை தூக்கியிருக்கிறது, அதுவும் உங்கள் வேர்களுக்கு நடுவில். கிளறிப் பார்த்தேன். எது எந்தச் செடியின் வேர் என்று சொல்ல முடியவில்லை. வக்கீலைத்தான் தீர்த்து வைக்கச் சொல்ல வேண்டும்; அவருக்கும் இப்போது கரை வழக்கைத் தவிர வேறு வழக்கு இல்லை.

பள்ளத்தை நல்ல மண் போட்டு நிரப்பியிருக்கிறோம். நடுவில் ஒரு குழி தோண்டி வைத்திருக்கிறேன். நானே தோண்டினேன். எனக்கும் தோள் வலிக்கிறது. உங்கள் வாளியில் நிற்கிறதே, நேரம் கிடைக்காமல் இன்னும் குப்பைக்குப் போகாத கழி, அதை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள். எனக்குக் கடையில் வேலை இல்லை. பிள்ளைகளிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சரி என்றார்கள்.

காலையிலேயே வாருங்கள். வேலியோரம் சிக்கரி தானாக முளைத்திருக்கிறது, மதியத்தில் அது யாரையும் பார்ப்பதில்லை.

வில்லோ தலைகீழாக நட்டாலும் பிழைத்துக்கொள்ளும். அதை நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள். இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் நேராக நட்டுத் தொலையுங்கள், சம்பந்தி. பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
சம்பந்தி